ரூட்டு தல பெயரில் ஒரு வீடு

இந்த வாரம் நீங்கள் படித்திருக்க வேண்டியது வேறு ஒரு பத்தி. நன்றாகவே வந்திருந்தது... என் வாயால் நானே சொல்லக் கூடாது. அது எங்கே போயிற்று என்று கேட்கிறீர்களா? ஒருவருக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போய்த் தொலைத்தேன்.

புதன்கிழமை காலை ஒன்பதரை மணி. திருவொற்றியூரில் நான் கம்ப்யூட்டர்களை மேய்க்கும் கண்டெய்னர் யார்டு, இந்தப் பக்கத்துக்கு வருகிறவர்களுக்குப் பழக்கம்தான். அதன் கேட்டில் பன்னிரண்டு வருஷம் வெயிலில் நின்று லாரி நம்பர் எழுதியவர் கஸ்தூரி அக்கா. அன்றுதான் ஆபீசுக்குள், ஏ.சி.யில், அவருக்கு முதல் நாள். மேனேஜர் போட்ட கண்டிஷன் ஒன்றே ஒன்று — முந்தின நாள் வந்துபோன கண்டெய்னர் பட்டியலை ஒரு மணிக்குள் தர வேண்டும். முடியாவிட்டால் மறுபடி கேட். மறுபடி வெயில்.

சர்வரில் அக்காவை ஒரு யூசராகச் சேர்த்தேன். பாஸ்வேர்டு அடித்தார். உள்ளே போனார். அடுத்த நொடி ஓர் அலறல்.

"இன்னா நைனா இது? ஹோம் இல்லேன்னு கீது! வந்த மொத நாளே வூடு இல்லேன்றானே!"

தப்பு என்னுடையது. லினக்ஸ் சர்வரில் ஆளைச் சேர்த்தால் மட்டும் போதாது. அவருக்கென்று 'ஹோம்' என்று தனி இடம் ஒதுக்க வேண்டும். அவர் தன் ஃபைல்களை அங்கேதான் வைத்துக்கொள்வார். இருபது வருஷ சர்வீஸ்... அதற்கான ஒரே ஓர் எழுத்தை அடிக்க மறந்துவிட்டேன்.

"ஒண்ணுமில்லக்கா, ரெண்டே நிமிஷம்" என்று ஹோமை உண்டாக்கினேன். புது வீட்டில் பல்பு, ஃபேன் மாட்டுகிற மாதிரி வழக்கமான சில ஃபைல்களையும் உள்ளே போட்டேன். அக்கா நாலு வரி அடித்து சேவ் செய்து பார்த்தார். அனுமதி இல்லை!

"வூட்ட கட்டிட்டு நீயே பூட்டிகினியா?"

பார்த்தால், ஓனர் என்ற இடத்தில் 'ரூட்' என்று இருக்கிறது. ரூட் என்பது சர்வருக்கே சர்வாதிகாரி. அவன் பெயரில் உள்ளே போய் நான் கட்டியதால், வீடு அவன் பெயருக்கே போய்விட்டது. இதை அக்காவிடம் சொன்னதுதான் தாமதம்...

"ரூட்டா? ரூட்டு தலயா? எந்த பஸ்ஸு?"

பஸ் கூரையில் ஏறித் தாளம் போடும் காலேஜ் பசங்களுக்கு ஒரு தலைவன் இருப்பானே — அவன்தான் ரூட்டு தல. "என் தம்பியும் அந்தக் காலத்துல எண்ணூர் பஸ்ஸுக்கு ரூட்டு தலதான். பேசி வுடச் சொல்லவா?" என்றவர் சும்மா இருக்கவில்லை. தம்பிக்கு ரிங்கே போய்விட்டது. போனைப் பிடுங்கி வைத்தேன்.

"தம்பி வேணாம்க்கா. பேர மாத்துனா போதும்." ஒரு வரி அடித்து என்டரைத் தட்டினேன். ஓனர் — கஸ்தூரி.

அக்கா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை. அவர் இருப்பது சடையங்குப்பத்தில். மழை என்றால் சொந்தக்காரர்களுக்கு முன்னால் தண்ணீர் வந்து உட்காரும் வீடு.

"எங்க வூட்டுப் பட்டாவ என் பேருக்கு மாத்த எத்தினி வருசமா அலையுறேன் தெரியுமா நைனா? நீ ஒரே லைன்ல மாத்திட்ட."

பட்டாவுக்கு கமாண்ட் இல்லையே.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த குண்டைப் போட்டார். "சரி, பால் காய்ச்சணும்."

"எங்க?"

"இன்னா கேள்வி இது? புது வூட்லதான்!"

பொன் கிடைத்தாலும் புதன் கிடைக்காதாம். பன்னிரண்டு மணிக்கு ராகு காலம், அதற்குள் பொங்கிவிட வேண்டுமாம். படித்தவன், நான் தடுத்திருக்க வேண்டாமா? டீக்கடைக்குப் போய்ப் பால் வாங்கி வந்ததே நான்தான்.

பதினொன்றே முக்காலுக்குப் பட்டியல் முடிந்தது. சேவ் செய்தார். சர்வர் ரூமில் எலக்ட்ரிக் கெட்டிலை வைத்து, அதன் மூக்கைக் கிழக்கே திருப்பினார். அந்தப் பக்கம் பொங்கினால்தான் சுபமாம். கெட்டில் தானாக ஆஃப் ஆகிவிடக் கூடாதே என்று ஸ்விட்சை வேறு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

பொங்கியது. கிழக்கே. கிழக்கே இருந்தது யூ.பி.எஸ்.

டப்!

சர்வர் செத்தது. மேனேஜர் ஓடி வந்தார். "சர்வர் ரூம்ல எவன்யா பால் காய்ச்சினது?" — உலகத்தில் எந்த மேனேஜரும் கேட்டிருக்க முடியாத கேள்வி. கையைத் தூக்கியது நான். பின்னே, அக்காவை மறுபடி வெயிலுக்கு அனுப்பவா?

துடைத்து, காய வைத்து, வேறு லைன் கொடுத்து உயிர் வரும்போது மணி பன்னிரண்டே முக்கால். அக்கா நிதானமாக உள்ளே போனார். பட்டியல் வைத்த இடத்திலேயே இருந்தது.

"வூட்ல வெச்சது எங்க நைனா போவும்?"

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது பிரிண்ட் மேனேஜர் மேஜையில் இருந்தது. அக்காவுக்கு நாற்காலி நிலைத்தது.

அப்புறம்தான் என் பத்தி ஞாபகம் வந்தது. எனக்கும் அதே சர்வரில் ஒரு ஹோம் இருக்கிறது. ஆனால் அவசரத்துக்கு 'டெம்ப்' என்ற பொது இடத்தில் போட்டுவிடுவதுதான் என் பழக்கம். யார் வேண்டுமானாலும் அங்கே போடலாம். சர்வர் ஒருமுறை படுத்து எழுந்தால் எல்லாவற்றையும் பெருக்கித் தள்ளிவிடும். என் பத்தியையும் தள்ளிவிட்டது... ஒரு வரி மிச்சமில்லை.

தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவனிடம் அக்கா விவரம் கேட்டார். சொன்னேன். மிச்சப் பாலில் போட்ட டீயை என் கையில் கொடுத்தார்.

"இன்னா நைனா... ஊருக்கெல்லாம் வூடு கட்டிக் குடுத்துட்டு, நீ பிளாட்பாரத்துலயா படுத்துகினு கீற?"