பிடுங்கிப் போட்ட வேலி

சிதம்பரம் பக்கம், பழைய கொள்ளிடத்துப் படித்துறை. டிவியில் மலைப்பாம்பைத் தோளில் போட்டுச் சிரிக்கும் எங்கள் அண்ணன், இடுப்பளவு தண்ணீரில் நின்று முதலைகளைப் பற்றிப் பேசுகிறார். கரையில் கேமரா பிடிக்கும் நான் வம்பிழுக்கிறேன். "அண்ணே, மொதல வந்தா உங்ககிட்ட செல்ஃபி கேக்கும்!"

துணி துவைக்க வந்த அக்கா கத்துகிறார். "இங்க நட்டிருந்த மூங்கில் வேலி எங்கப்பா?"

"படத்துல அசிங்கமா தெரியுதுன்னு அண்ணன்தான் புடுங்கச் சொன்னாருக்கா."

"அடப்பாவிகளா! மொதல உள்ள வராம இருக்கத்தாண்டா ஊரே சேந்து அத நட்டுச்சு! அவர மேல வரச் சொல்லு!"

அண்ணன் அசையவில்லை. அவருக்குப் பின்னால் தண்ணீர் மெல்லச் சுழிக்கிறது.

"டேய், காலு சேத்துல மாட்டிக்கிச்சு. கைய குடுடா."

டிவியில் நான் கேட்காத குரல். கேமராவைக் கீழே வைக்கிறேன். நானும் தண்ணீரில் இறங்கினால்தான் அவர் கை எட்டும்.