கழுத்தறுத்தான் முட்டைகள்

குஞ்சு பொரிக்கும் பெட்டியின் மூடியைத் திறந்தால் முதலில் சூடு வரும், பிறகு நாற்றம். பத்தொன்பதாம் நாள் அது காயாத துணிமூட்டையின் நாற்றமாக இருந்தது. இருபத்திரண்டாம் நாள் மூக்கைப் பொத்திக்கொண்டுதான் குனிந்தேன்.

முட்டைகள் என்னுடையவை அல்ல. முதலில் பொரிக்க வைக்க நான் சந்தையில் நாட்டுக்கோழி முட்டை என்று வாங்கியவற்றை ஈரத் துணியால் துடைத்தபோது துணி பழுப்பானது. தேயிலைச் சாயம் ஏற்றிய, குஞ்சு பொரிக்காத பண்ணை முட்டைகள். அவற்றைக் கொட்டிவிட்ட பிறகு புதுப் பெட்டி சும்மா கிடந்தது.

அடுத்த வீட்டு அம்மாளின் கணவருக்குக் கப்பலில் வேலை. அந்த அம்மாள் கழுத்தறுத்தான் பெட்டை ஒன்று வளர்த்தார். கழுத்தில் இறகே இல்லாமல் சிவந்த தோல் மட்டும் தெரியும் இனம். அந்த இனத்தில் அவரிடம் மிஞ்சியிருந்தது அந்த ஒன்றுதான்; சேவல்கூடக் கழுத்தில் இறகுள்ள சாதாரணச் சேவல். தெருநாய் அதைக் கடித்துப் போட்ட அன்று, அது இட்ட பதினொரு முட்டைகள் அரிசிப் பானையில் இருந்தன.

பின்தெருவில் அவருடைய நாத்தனார் வீட்டுக் கோழி அடை கிடந்தது. முட்டைகளை அங்கே வைக்கப் புறப்பட்டவரை நான் நிறுத்தினேன்.

"கோழி பாதியில எந்திரிச்சுப் போயிரும். எம் பொட்டி எங்க போவும்?"

"கொத்தவும் செய்யாதுல்லா?" என்று சிரித்தார். பொரிப்பதில் பாதி எனக்கு என்று பேச்சு. கூடையைக் கொடுக்கும்போது சிரிப்பு இல்லை. "பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. இது போச்சுன்னா அந்த வகையே எங்கிட்ட இல்ல."

ஏழாம் நாள் இருட்டறையில் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டில் ஒன்றுமில்லை. ஒன்பதில் சிவப்பு நரம்புகள் ஓடின. மதில் வழியாகச் சொன்னேன்.

"ஒம்பதா! எல்லாம் மொட்டக் கழுத்தா வரணும்னு மாதாகிட்ட கேட்டிருக்கேன்."

பெட்டிக்குள் இருக்கும் சிறு தொட்டியில் தண்ணீர் வற்றவே கூடாது என்று நான் பார்த்த வீடியோவில் ஒருவர் சொன்னார். அவருக்குப் பின்னால் காய்ந்த சோளக்காடு தெரிந்தது. நான் இருப்பதோ கடற்கரையில், அதுவும் ஐப்பசியில். சமையலறை ஜாடியில் உப்பு கரைந்து வழிந்துகொண்டிருந்தது. நாள் தவறாமல் தொட்டியை நிரப்பினேன். ஈரப்பதமானி காட்டிய எண்ணைக் காலையும் மாலையும் குறிப்பேட்டில் அழகான கையெழுத்தில் எழுதினேன். எண் எப்போதும் மிக அதிகமாகவே இருந்தது. பத்திரிகை மேசையில் வானிலைச் செய்தி திருத்தியே காலம் கழித்தவன் நான். எழுதினேன், யோசிக்கவில்லை. முட்டையின் ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறினால்தான் உள்ளே காற்றுக்கு இடம் உண்டாகும், இல்லையென்றால் குஞ்சு ஓட்டுக்குள்ளேயே மூழ்கிவிடும் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

இருபத்தொன்றாம் நாள் பெட்டிக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. மறுநாள் காலை அது ஒரே ஒரு முட்டையிலிருந்து மட்டும் வந்தது. அந்த அம்மாள் வந்து மூடியைத் தூக்கினார். அதன் அடியிலிருந்து நீர்த்துளிகள் அவர் கையில் கொட்டின.

"ஏ மாதாவே, பொட்டிக்குள்ள மழையில்லா பெய்யிது! எந்தக் கோழி அண்ணாச்சி தண்ணிக் கொடத்தோட அடை கெடக்கு?"

சிறு ஓட்டையில் அலகு அசைந்த முட்டையை உரிக்கக் கை நீட்டினேன்.

"தொடாதீய! இதுவரைக்கும் செஞ்சது போதும்."

அதைச் சேலைத் தலைப்பில் பொதிந்துகொண்டு நாத்தனார் வீட்டுக்கு ஓடினார்.

மீதி எட்டையும் நான் கொல்லையில் தனியாக உடைத்தேன். ஓட்டுக்குள் சோற்றுக் கஞ்சிபோலக் கொழகொழத்த நீர். அதில் முழுசாக வளர்ந்த குஞ்சுகள், இறகு பசையாக ஒட்டி, தலை இறக்கைக்குள் செருகியபடி. ஒன்றின் வயிற்றில் மஞ்சள் கரு பாதி உள்ளே, பாதி வெளியே தொங்கியது. கடைசி முட்டை அழுகிப்போயிருந்தது. ஓடு விரிசல் விட்டதும் பச்சை நீர் மணிக்கட்டில் தெறித்தது. மூன்று முறை சோப்புப் போட்டும் போகாத நாற்றத்தோடுதான் அன்று சாப்பிட உட்கார்ந்தேன். சாப்பிடவில்லை. அருவருப்பு குஞ்சுகள் மேல் இல்லை. உடைக்கும்போதும் எண்ணிக்கொண்டே இருந்த என் கண் மேல்தான். எட்டில் ஐந்து மொட்டைக் கழுத்து. கை கழுவியதும் குறிப்பேட்டில் அதையும் எழுதினேன்.

மறுநாள் மதியம் அந்த அம்மாள் மதிலருகே வந்து உள்ளங்கையை நீட்டினார். குஞ்சு காய்ந்து, பஞ்சு மாதிரி நின்றது. கழுத்து முழுக்க இறகு.

"பொழச்சுட்டு. ஆனா இது சேவலோட சாடை" என்றார். அதன் கழுத்தை விரலால் இரண்டு முறை தடவிப் பார்த்தார். "செத்ததுல மொட்டக் கழுத்து ஏதும் இருந்துச்சா அண்ணாச்சி?"

"பாக்கல" என்றேன்.