தற்போதைய இருப்பிடம்

'காரணம்' என்ற கட்டத்துக்கு வந்ததும் அக்கா பேனாவை மூடிவிடுவார். வழக்கறிஞர் எழுதிக் கொடுத்திருக்கும் இரண்டு பக்கத்தையும் ஒரு வரி விடாமல் படிப்பார். பொய் வழக்கு, பழிவாங்கல், சர்வதேச உடன்படிக்கையின் இத்தனையாவது பிரிவு என்று எல்லாம் அதில் இருக்கும். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க தம்பி. இதக் கோர்ட்டுல குடுங்க" என்று திருப்பி நீட்டுவார். பிறகு பேனாவைத் திறந்து நான்கே சொற்களை எழுதுவார்: சிறையில் இருப்பதால் வர இயலவில்லை.

"லீவு லெட்டர்ல வழக்கு நடத்தக் கூடாது. வர முடியல. அவ்வளவுதான விஷயம்?"

கைதாகும் எதிர்க்கட்சி எம்.பி.க்களின் உரிமைகளுக்காக வழக்கறிஞர்கள் சிலர் நடத்தும் சங்கத்தில் அவர் எழுத்தர். பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்குக்கு மேலே, முதல் மாடியில் இரண்டு அறைகள். எதிர் அறையில் உட்கார்ந்து நான் ஒரு பத்திரிகைக்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஸ்டேப்ளர் கேட்கப் போய் ஏற்பட்ட பழக்கம் இது. கட்டடம் முழுக்க அவருக்கு 'லீவு லெட்டர் அக்கா' என்றுதான் பெயர். கீழே பல் பிடுங்க வந்தவர்கள்கூடத் தாடையைப் பிடித்துக்கொண்டு அப்படித்தான் வழி கேட்கிறார்கள்.

வழக்கறிஞர்கள் ஜாமீனுக்கும் அறிக்கைக்கும் ஓடிக்கொண்டிருக்க, அக்காவின் வேலை ஒன்றே ஒன்று. அவையின் அனுமதியின்றித் தொடர்ந்து அறுபது நாள் வராத உறுப்பினரின் இடத்தைக் காலி என்று அறிவிக்கலாம் என்பது விதி. வாக்குப் பெட்டியில் தோற்கடிக்க முடியாதவரை உள்ளே தள்ளிவிட்டு நாளை எண்ணினால் போதும். அதற்குள் சிறையில் கையெழுத்து வாங்கி, விடுப்பு விண்ணப்பத்தை அவைச் செயலகத்தில் சேர்க்க வேண்டும். அவையும் கூடி 'ஆம்' சொல்ல வேண்டும். இதுவரை பதினேழு பேருக்கு அக்கா விடுப்பு வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒருவருக்கும் நாற்காலி போகவில்லை.

முன்பு இருபத்திரண்டு வருடம் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் இருந்தவர். "ஒரே மாமாவுக்கு வருஷத்துல மூணு தடவ கல்யாணம்னு லெட்டர் வரும். கையெழுத்துப் போட்டு வாங்கி வெச்சிருக்கேன். இங்க வர்ற காரணமெல்லாம் நிஜம். அதான் கஷ்டமா இருக்கு" என்பார். அவர் கணவர் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். சாயங்காலம் கீழே வந்து ஹாரன் அடிக்காமல் காத்திருப்பார். கேட்டால், "ஹாரன் அடிச்சா அதுக்கும் ஒரு விண்ணப்பம் எழுதச் சொல்லுவா" என்கிறார்.

எந்தக் கட்சி என்று கேட்டால்தான் அக்காவுக்குச் சுர்ரென்று ஏறும். இப்போது உள்ளே இருக்கும் எம்.பி.க்கு அவர் ஓட்டே போடவில்லையாம். "அவர் பேசறதுல பாதி எனக்குப் பிடிக்காது. அதுக்காக அவர் நாற்காலிய அவர் இல்லாத நேரம் பாத்துத் தூக்கிட்டுப் போறதா? அதுக்கு வேற பேரு இருக்குங்க." பதினோரு வருடத்துக்கு முன், இன்றைய ஆளுங்கட்சி எதிர்க்கட்சியாக இருந்தபோது, அவர்களுக்கும் இவர்தான் கடிதம் சுமந்தார். அந்த நகல்களும் இந்த நகல்களும் ஒரே பழுப்புக் கோப்பில் நாள்வாரியாகத் துளையிட்டுக் கிடக்கின்றன. கட்சிவாரியாகப் பிரிக்கச் சொன்ன இளம் வழக்கறிஞர் ஒருவர் ஒரு வாரம் அக்கா கையால் தேநீர் கிடைக்காமல் தவித்தார்.

இப்படிப்பட்டவர்தான் போன வாரம் தப்புச் செய்தார்.

இடிந்து விழுந்த பாலம் ஒன்றைப் பற்றி அவையில் முப்பத்தொரு கேள்வி கேட்டவர் இந்த எம்.பி. அதையே தெருமுனைக் கூட்டத்தில் கேட்டபோது கலவரத்தைத் தூண்டினார் என்று பிடித்துப் போட்டார்கள். இரண்டு முறை விடுப்பு கிடைத்துவிட்டது, இது மூன்றாவது. விண்ணப்பத்தில் 'தற்போதைய இருப்பிடம்' என்று ஒரு கட்டம் உண்டு. அக்கா எப்போதும் பெயருக்கும் முன்னால் அதைத்தான் நிரப்புவார்: மத்தியச் சிறை, மூன்றாம் தொகுதி. இந்த முறை எம்.பி.யின் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். "வீட்டு அட்ரஸப் போடுங்கக்கா. ஒரு காகிதத்துலயாவது அவர் வீட்டுல இருக்கட்டும்" என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். வீட்டு முகவரியை எழுதினார்.

இரண்டாம் நாள் விண்ணப்பம் திரும்பி வந்தது. மனுதாரர் குறிப்பிட்ட முகவரியில் இல்லை என்று சிவப்பு மையில் குறிப்பு. "நீங்களே இப்படிப் பண்ணலாமாம்மா?" என்று செயலகத்துப் பிரிவு அலுவலர் தொலைபேசியில் உண்மையாகவே வருத்தப்பட்டார். அன்று புதன்கிழமை. அறுபதாவது நாள் வருகிற திங்கள். புதிய படிவம், புதிய கையெழுத்து வேண்டும். சிறையில் பார்வை நாளோ வெள்ளி மட்டும்தான்.

அன்றைக்கு எனக்கு ஸ்டேப்ளரைத் தரும்போது அக்கா, "இருவத்தஞ்சு வயசுல இந்த மாதிரி இளகியிருந்தா மன்னிக்கலாம். அம்பத்தெட்டு வயசுல என்ன கேடு எனக்கு?" என்றார். எனக்கு அவரை அப்போதுதான் இன்னும் பிடித்துப்போனது. சொன்னால் ஸ்டேப்ளரைத் திருப்பிக் கேட்பாரோ என்று சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை எம்.பி.யின் மனைவியோடு காலை ஒன்பது மணிக்குச் சிறை வாசலில் நின்றார். காவலர் கைதி எண்ணைக் கேட்டார். "எம்.பி. சாரைப் பாக்கணும்" என்றார் அக்கா. எண் இல்லாமல் முடியாது என்றார் காவலர். "நம்பர் உங்க நோட்டுல இருக்கும், நீங்களே பாத்துக்கங்க. என் பேப்பர்ல எம்.பி.னுதான் இருக்கு." இந்த வாதம் மூன்று மணி வரை நீண்டது. கடைசியில் கம்பிக்குப் பின்னால் வந்த எம்.பி. படிவத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டாராம். "அக்கா, ஸ்கூல்ல கூட நான் இத்தன லீவு எடுத்ததில்ல." கையெழுத்துப் போட்டுவிட்டு, "அடுத்த மாசம் ஜாமீன் மனு வருது. பாப்போம்" என்றாராம். கணவர் பேருந்தை ஓட்ட, பிள்ளைகளை இறக்கிவிட்ட காலி இருக்கைகளோடு, நாலே முக்காலுக்கு அக்கா செயலகத்தில் போய் இறங்கினார். அலுவலகம் ஐந்து மணி வரை.

சனிக்கிழமை வேறொரு செய்தி வந்தது. இந்த முறை ஆளுங்கட்சி 'இல்லை' என்று சொல்லப்போகிறதாம். எல்லாம் அவை முன்னவர் வாயைப் பொறுத்தது. அவர் எதைச் சொன்னாலும் அவருக்குப் பின்னால் இருக்கும் வரிசைகள் அதையே சொல்லும். அந்த அவை முன்னவர் பதினோரு வருடத்துக்கு முன் இதே சிறையில் இருந்தவர். அவருக்காக அக்கா நாலு தடவை கடிதம் சுமந்திருக்கிறார்.

"அவரைப் போய்ப் பார்த்து ஒரு வார்த்தை கேட்கலாமே?" என்றேன்.

"கேட்டா அது உதவியாயிடும். இவரு உரிமைய நான் எதுக்கு உதவியா வாங்கணும்?"

திங்களன்று என்னையும் பார்வையாளர் மாடத்துக்கு அழைத்துப் போனார். வாசலில் எல்லோருடைய பையையும் வாங்கி வைத்துக்கொண்ட காவலர், அக்காவின் பழுப்புக் கோப்பை மட்டும் பழக்கத்தில் விட்டுவிட்டார். முதல் வரிசையில், அவை முன்னவரின் இருக்கைக்கு நேர் மேலே, கோப்பை மடியில் நிமிர்த்தி வைத்து உட்கார்ந்தார். நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன்.

"என்ன? கேட்டேனா நான்? உக்காந்திருக்கேன்."

கேட்கக் கூடாது, ஞாபகப்படுத்தலாம் போலிருக்கிறது. கீழே எம்.பி.யின் மேசையில் அவர் பெயர்ப் பலகை மட்டும் இருந்தது. அவைத் தலைவர் விடுப்பு விண்ணப்பத்தை வாசித்தார். பெயர், நாட்கள், காரணம். நான்கு சொற்கள் அந்தப் பெரிய கூடத்தில் ஒலித்தன. விடுப்பு வழங்க அவைக்குச் சம்மதமா என்று கேட்டார். எதிர்க்கட்சி வரிசை 'ஆம்' என்றது. மறுபக்கம் சத்தமில்லை. அவை முன்னவர் காகிதங்களைப் புரட்டினார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், கூரையைப் பார்ப்பவர்போல மேலே பார்த்தார். பார்வை பழுப்புக் கோப்பில் வந்து நின்றது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு, யாருக்கோ பதில் சொல்வதுபோல, "ஆம்" என்றார். பின்னாலிருந்த வரிசைகளும் 'ஆம்' என்றன. அவை அடுத்த அலுவலுக்குப் போய்விட்டது.

மாடத்தில் கைதட்டக் கூடாது. நான் கைகளைத் தொடையில் அழுத்திக்கொண்டு அக்காவின் பக்கம் திரும்பினேன். அவர் கீழே பார்க்கவேயில்லை. கோப்பை மடியில் படுக்க வைத்து, அதிலிருந்து அடுத்த அறுபது நாளுக்கான புதுப் படிவத்தை உருவியிருந்தார். எப்போதும் முதலில் நிரப்பும் கட்டத்தின் மேல் பேனா நின்றது. பிறகு அதைத் தாண்டிப் போய் எம்.பி.யின் பெயரை எழுதினார். இருப்பிடக் கட்டத்தைக் காலியாகவே விட்டு, பேனாவை மூடினார்.