அஸ்பாக் வலப்பக்கம் போனான்

செக்காலை ரோட்டில் ஸ்டூடியோ வைத்திருக்கும் கலீல் ரகுமானின் கேமரா ஆளை விழுங்குகிறது என்று காரைக்குடியில் ஒரு பேச்சு. மகனைப் படம் எடுத்தாராம். மகன் வெளிநாட்டில் இறந்த அன்றைக்கே படத்திலிருந்தும் எழுந்து போய்விட்டானாம். இப்போது அதில் சுவரும் கரண்ட் கம்பமும் மட்டும்தான் நிற்கின்றனவாம். மீன் மார்க்கெட்டில் இதைச் சொன்னவர், கம்பமும் லேசாக மங்கி வருவதாகச் சேர்த்துக்கொண்டார்.

இந்தப் பேச்சால் கலீலின் வியாபாரம் படுத்துவிட்டது என்கிறார்கள். அது பொய். வியாபாரம் எல்லார் கையிலும் செல்போன் வந்த வருஷமே படுத்துவிட்டது. பாஸ்போர்ட் போட்டோவுக்கு ஆட்கள் இன்னும் வருகிறார்கள். கேமரா விழுங்கினாலும் பரவாயில்லை, விசா வந்தால் சரி.

மற்றதை விசாரித்ததில், படம் இருப்பது உண்மை. அதில் மகன் அஸ்பாக் இல்லாததும் உண்மை.

கலீலிடம் அகல ஃபிலிம் போடும் பழைய கேமரா ஒன்று உண்டு. ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படம். தன் பங்களாவை ஹோட்டலாக்கியிருக்கும் கார்த்திகேய சிவம், தங்க வரும் விருந்தாளிகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துத் தரச் சொல்லி அவ்வப்போது கலீலைக் கூப்பிடுவார். பழைய வீடு, பழைய கேமரா, பழைய பாய், மூன்றும் ஒரே பில்லில் வரும்.

அந்தக் கேமராவை வயிற்றுக்கு நேரே பிடித்து, தலையைக் குனிந்து, மேலே இருக்கும் கண்ணாடிக்குள் பார்க்க வேண்டும். அதில் உலகம் இடம் வலம் மாறித் தெரியும். எதிரே நிற்பவர் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடிக்குள் இடப்பக்கம் நகர்வார். அவரை விடாமல் பிடிக்க, கண்ணாடி காட்டுவதற்கு எதிர்ப்பக்கம் கேமராவைத் திருப்ப வேண்டும். புதிதாகப் பழகுகிறவன் மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாமனாரை எடுத்துக்கொண்டு வருவான். கலீலுக்கு முப்பது வருஷத்தில் அந்தத் திருப்பம் கையோடு ஊறிவிட்டது. யோசிப்பதே கிடையாது.

குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்தது. இனிமேல் குனியக் கூடாது என்றார் டாக்டர். தொழுகையே நாற்காலியில் என்றாகிவிட்டது. நிமிர்ந்து பார்க்க, அந்தக் கண்ணாடிக்குப் பதிலாக வேறு வியூஃபைண்டர் மாட்ட வேண்டும். குவைத்தில் கடை வேலையில் இருந்த அஸ்பாக், அங்கே ஒரு பழைய சாமான் கடைக்குள் நின்றுகொண்டு வீடியோ காலில் கூப்பிட்டான்.

"அத்தா, இது நீளமா குழாய் மாதிரி இருக்கு."

"அது வேணாம்டா. அதுக்கும் குனியணும்."

"இது பாதி சாஞ்ச மாதிரி."

"பாதிக் கழுத்து வலிக்கும்."

"இந்தா, இது கண்ணுக்கு நேரா வச்சுப் பாக்குறது. ஆனா வேற கம்பெனி கேமராவுக்கு உள்ளது. அம்மிக்கல்லு கணக்கா கனக்குது."

"எடுத்துட்டு வா. பொருத்துறது என் பாடு. பொருந்தலைன்னா ஒங்கம்மா மசாலா அரைச்சுக்கிருவா."

லீவில் வந்தபோது சட்டைகளுக்கு நடுவே சுற்றிக் கொண்டுவந்தான். அடிப்பாகம் கேமராவின் வாயைவிட அரை நூல் அகலம் கூட. லேத்துப் பட்டறை அழகுசுந்தரம் ஒரு பித்தளைத் தகடு கடைந்து கொடுத்தார். தகட்டுக்கும் கேமராவுக்கும் இடையில் வெளிச்சம் கசிந்தது. மனைவி ஹாஜிரா தன் பழைய கறுப்புத் துணியில் ஒரு கீற்று வெட்டித் தர, அதைச் சுற்றிலும் ஒட்டினார். முகம் மங்கலாகத் தெரிந்தது. தகட்டை மெல்ல மெல்ல ராவி, மகனை எதிரே உட்காரவைத்து, அவன் மீசை முடி தெளிவாகிற வரைக்கும் விடவில்லை.

"இருக்கிறதே நாலு முடி. எண்ணியாச்சா அத்தா?" என்றான்.

புது வியூஃபைண்டருக்குள்ளே இருந்த பட்டைக்கண்ணாடி, இடத்தை இடமாகவும் வலத்தை வலமாகவும் காட்டியது. எல்லாம் சரியாக இருந்தது. கலீலின் கை மட்டும் பழைய கை.

அஸ்பாக் திரும்பிப் போகிற காலையில், ஸ்டூடியோ வாசலில் அவனை நிறுத்திக் கேமராவைக் கண்ணுக்கு வைத்தார். திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும் கார் ஹாரன் அடித்தது. அஸ்பாக் வலப்பக்கம் ஒரு எட்டு வைத்தான். அவனை விடாமல் பிடிக்கக் கலீல் சட்டென்று திரும்பினார், திரும்பிய வேகத்திலேயே பட்டனை அமுக்கினார். அந்தக் கேமராவில் அமுக்கியதும் பார்வை இருண்டுவிடும். ஃபிலிமைச் சுற்றினால்தான் மறுபடி வெளிச்சம். சுற்றி முடிப்பதற்குள் அவன் காரில் ஏறியிருந்தான். படம் கிடைத்துவிட்டது என்றே கலீல் நினைத்தார்.

சுருளில் இன்னும் சில படம் மிச்சம். ஃபிலிம் விற்கிற விலையில் பாதிச் சுருளைக் கழுவ மனம் வருமா? ஹோட்டலுக்கு ஆள் வரட்டும் என்று கேமராவை அப்படியே வைத்திருந்தார். கோடையில் ஹோட்டலுக்கு யாரும் வரவில்லை. குவைத்திலிருந்து செய்திதான் வந்தது. தூங்கப் போன அஸ்பாக் எழுந்திருக்கவில்லை. உடம்பைக் கொண்டுவர நாளாகும் என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று கலீல் கையெழுத்துப் போட்டார்.

ஹாஜிரா அழுது ஓய்ந்த பிறகு கேட்டது ஒன்றே ஒன்று.

"அந்தப் படத்தைக் கழுவித் தாங்க."

"போன்லதான் அம்புட்டுப் படம் கெடக்கே."

"அதுல எல்லாம் அவன் போனைத்தானே பாக்குறான். இதுலதான் நம்மளப் பாத்திருப்பான்."

மிச்சப் படங்களை எடுக்காமலே சுருளைக் கழற்றி, இருட்டறையில் கழுவி, பிரிண்ட் போட்டுக் காயப்போட்டார் கலீல். அதில் சுவர் இருந்தது. கரண்ட் கம்பம் இருந்தது. அரிசிக் கடைக்காரரின் சைக்கிள் முழுசாக, மணியோடு இருந்தது.

காலி கேமராவை எடுத்துக் கண்ணில் வைத்து, ரோட்டில் போன ஒருவரைப் பின்தொடர்ந்து பார்த்தார். அவர் வலப்பக்கம் போனார். கலீலின் கை இடப்பக்கம் போயிற்று.

வீட்டில் மேஜைமேல் படத்தை வைத்தார்.

"வியூஃபைண்டர் சரியாத்தான் காட்டுச்சு ஹாஜிரா. நாந்தான் தப்பாத் திரும்பிட்டேன்."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை. படத்தின் ஓரத்தைத் தாண்டி, மேஜை விரிப்பில் விரலை வைத்தாள்.

"இங்குட்டா நின்னான்?"

"இன்னுங் கொஞ்சம் தள்ளி."

விரலை நகர்த்தினாள். "இங்கயா?"

"ம்."

அந்த இடத்திலிருந்து அவள் விரலை எடுக்க வெகு நேரமாயிற்று.

இது எப்படி ஊர்ப்பேச்சாயிற்று? ஸ்டூடியோவுக்குப் பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் நாகஜோதி, படம் காய்ந்துகொண்டிருந்தபோது டீ கொண்டுவந்தவள். பேச்சு முற்றிய பிறகு கலீல் அவளிடம் போய் நின்றார்.

"ஏம்மா, என் கேமரா ஆள முழுங்குதுன்னு சொன்னியாமே?"

"முழுங்குதுன்னு நான் சொல்லல பாய். அது மார்க்கெட்ல சேத்தது. படத்துல தம்பியக் காணோம்னுதான் சொன்னேன். நாங் கண்ணால பாத்தேன்ல? நீங்க அமுக்குறப்ப அவன் நின்னான். டீ சட்டையில சிந்திருச்சு. அதத் தொடைச்சுக்கிட்டே ஒங்களப் பாத்துச் சிரிச்சான். அப்புறம் படத்துல இல்லைன்னா நான் என்ன நெனைப்பேன்?"

"சிரிச்சானா?"

"ஆமா. நீங்க பாக்கலையா?"

"பட்டனை அமுக்குனா இருட்டிரும்" என்றார் கலீல்.

நாகஜோதி பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அந்த டீக்குக் காசுகூடத் தரல. சில்லறை இல்லக்கா, வந்து தாரேன்னு ஓடுனான்."

உடல் இல்லாமல் பள்ளிவாசலில் நடந்த ஜனாஸா தொழுகையில், என் மகன் யாருக்காவது கடன் பட்டிருந்தால் என்னிடம் கேளுங்கள் என்று எழுந்து சொன்னவர் கலீல். யாரும் கேட்கவில்லை. கடன் நிற்கிற வரைக்கும் போனவனுக்கு நிம்மதி இல்லை என்பது அவர் நம்பிக்கை. சட்டைப்பையில் இருந்த சில்லறையை அள்ளி மேஜையில் வைத்தார்.

"எடுத்துக்க."

"ஒங்ககிட்ட யாரு கேட்டா?"

"கடன் நிக்கக் கூடாதும்மா. அவனுக்கு ஆகாது."

"அவன் வந்து தாரேன்னான். அவனுக்கும் எனக்கும் உள்ளது. நீங்க நடுவுல வராதீக."

நேற்றும் கலீல் கொடுத்தனுப்பினார். நேற்றும் அந்தச் சில்லறை, டீ கிளாஸுக்குப் பக்கத்தில் அப்படியே திரும்பி வந்தது.