இடது பின் சக்கரம்

1. மாட்டு வண்டி

என் வீட்டுக்காரர் சூசைக்கு முப்பதாம் நாள் பூசை முடிந்த மறுநாள் காலை, எங்கள் ஒர்க்‌ஷாப் வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. உள்ளே இருந்த காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போக வந்த வண்டி அது.

ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், தகரக் கூரை போட்ட சின்ன ஒர்க்‌ஷாப் எங்களுடையது. சுதந்திரம் வந்து சில வருஷம்தான் ஆகியிருந்தது. சூசை யுத்த காலத்தில் பட்டாளத்து ஒர்க்‌ஷாப்பில் வேலை பழகியவர். நான் பாம்பனில் வலை முடைந்து வளர்ந்தவள். கல்யாணமாகி வந்த புதிதில் அவருக்குச் சாப்பாடு கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பிவிடுவேன். பிறகு பிளக் துடைத்துக் கொடுத்தேன். பிறகு வால்வு தேய்த்தேன். கடைசியில் கார்புரேட்டரை நானே பிரித்து நானே மாட்டினேன். ஆனாலும் ஊர் என்னை மெக்கானிக் பெண்டாட்டி என்றுதான் சொன்னது. மெக்கானிக் என்று சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை.

உள்ளே நின்றது ஒரு சிவப்பு இரண்டு சீட்டர் கார். இங்கிலாந்து சரக்கு. நீள மூக்கு, மடக்கிப் போடும் கான்வாஸ் கூரை, நான்கும் கம்பிச் சக்கரம். உட்கார்ந்தால் கை நீட்டி ரோட்டைத் தொடலாம். தேயிலைத் தோட்டத்துத் துரை ஒருவர் ஊருக்குக் கப்பலேறும்போது விற்றதை எங்கள் பக்கத்து உப்பள மேனேஜர் வாங்கியிருந்தார். கார் அழகுதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் உப்பள வாசலில் நிறுத்திவைக்கச் செய்த கார் இல்லை அது. ஒரு சக்கரத்துக்கு நாற்பத்தெட்டு ஸ்போக். உப்புக் காற்று முதலில் ஸ்போக்கின் கழுத்தைத்தான் தின்னும். வெளியே பார்த்தால் பளபளவென்று இருக்கும், உள்ளே சீவல் மாதிரி உதிரும்.

தேவிபட்டினம் ரோட்டில் ஒரு மதகின் விளிம்பில் ஏற்றி, இடது பின் சக்கரத்தில் பாதி ஸ்போக்கை மேனேஜர் ஒடித்துக்கொண்டு வந்தார். ஸ்டெப்னி அதற்கு முன்பே போயிருந்தது. சூசை மெட்ராஸிலிருந்து புது ஸ்போக் கட்டு ஒன்று வரவழைத்தார். சக்கரத்தை முழுதாகப் பிரித்துப் போட்டார். ரிம்மைத் தட்டி நேராக்கி வைத்தார். அதற்குள் காய்ச்சல் அவரைக் கொண்டுபோய்விட்டது.

கார் நாலு கட்டை மேல் நின்றது. மாட்டு வண்டியோடு வந்தவன் மேனேஜருடைய டிரைவர் முத்து. இருபது வயசுதான் இருக்கும், காக்கிச் சட்டைக்கு இஸ்திரி போட்டிருந்தான்.

"அய்யா வண்டிய எடுத்தாரச் சொன்னாக. கூட்ஸ் ஷெட்டுல ஏத்தி மதுரைக்கு அனுப்பணுமாம்."

அவனுக்குப் பின்னால் என் கொழுந்தன் அந்தோணி நின்றான். கருவாட்டு வியாபாரம், சொந்தமாக லாரி, வாய் நிறைய வெற்றிலை.

"மதினி, இனிமே இங்கன என்ன இருக்கு? இந்த எடத்தக் குடுத்துற சைக்கிள் கடைக்காரருகிட்டப் பேசி முடிச்சிட்டேன். இந்தக் கார் வெளிய போனதும் சாவியக் குடுங்க. பாம்பன்ல ஒங்க பொறந்த வீடு இருக்கு. கையில தொழில் இருக்கு. வலை முடைஞ்சு பொழச்சுக்கிறலாம்ல?"

வண்டிக்காரர் அதற்குள் காரின் பின் ஆக்ஸிலில் கயிற்றைக் கட்டிவிட்டார். பின்பக்கத்தை மாட்டு வண்டியில் தூக்கி வைத்து, முன் சக்கரம் உருள இழுத்துப்போவது அவர்கள் திட்டம். ஒர்க்‌ஷாப்புக்குள் ரிப்பேருக்கு வந்த கார் மாட்டின் பின்னால் பஜார் வழியாகப் போனால், அதன்பிறகு எந்த வண்டி இந்த வாசல் பக்கம் தலை வைக்கும்? சூசை செத்ததோடு அவர் பெயரும் செத்தது என்று அர்த்தம். நான் போய் அந்தக் கயிற்றின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"இந்தக் கார் உருண்டு வந்துச்சு, உருண்டுதான் போகும். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் ஒங்க அய்யாவ வரச் சொல்லு."

"யாரு சக்கரம் கோக்கப்போறா?" என்றான் அந்தோணி.

"ஒன் கண்ணு முன்னால யாரு உக்காந்திருக்கா?"

என்னைத் தொட்டுத் தூக்க மூன்று பேருக்கும் கை வரவில்லை. வண்டிக்காரர் வெயில் ஏறும்வரை பார்த்துவிட்டு மாட்டை ஓட்டிக்கொண்டு போனார். கயிறு என்னிடம் தங்கிவிட்டது.

2. முடிச்சும் ஸ்போக்கும்

வாய் பேசிவிட்டது. கைதான் பாக்கி. அதற்கு முன் நான் முழுச் சக்கரம் கோத்தது கிடையாது.

வலது பின் சக்கரத்தைக் கழற்றி எதிரே சாய்த்து வைத்துக்கொண்டேன். புது ஜாதி வலை கையில் கிடைத்தால் பாம்பன் பெண்கள் என்ன செய்வோமோ அதையே செய்தேன். எந்தக் கண்ணி எதிலிருந்து கிளம்பி எங்கே போய்ச் சேருகிறது என்று விரலால் தடவித் தடவிப் படித்தேன். உள் வரிசை ஸ்போக் ஒரு பக்கம் சாய்கிறது, அடுத்தது எதிர்ப்பக்கம் சாய்கிறது, வெளி வரிசை தனிக் கணக்கு. கண்ணுக்குக் குழம்பினாலும் விரலுக்குக் குழம்பவில்லை. சாயங்காலத்துக்குள் நாற்பத்தெட்டும் கோத்து, முனையில் திருகும் நிப்பிளையும் பூட்டிவிட்டேன். பெருமையாக இருந்தது.

ஹப்பில் மாட்டிச் சுற்றிவிட்டேன். பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்து நெளிந்து ஓடியது ரிம். அப்படியே உட்கார்ந்து அழுதேன். கொஞ்ச நேரம்தான்.

தப்பு எங்கே என்று மறுநாள் காலையில்தான் பிடிபட்டது. அது வலைக்காரி மட்டுமே செய்யக்கூடிய தப்பு. வலையில் ஒரு முடிச்சைப் போட்டால் அதை இழுத்து இறுக்கிவிட்டுத்தான் அடுத்த முடிச்சுக்குப் போகவேண்டும். தளர்ந்த முடிச்சு கண்ணியைக் கெடுக்கும். சின்ன வயசிலிருந்து கை அப்படிப் பழகியது. சக்கரத்திலும் அதையே செய்திருந்தேன். முதல் ஸ்போக்கை முழு இறுக்கு, அடுத்ததை முழு இறுக்கு என்று போனதில் ரிம்மை ஒரே பக்கமாக இழுத்துத் தள்ளிவிட்டேன்.

எல்லாவற்றையும் தளர்த்தினேன். இம்முறை யாரையும் முழுசாக இறுக்கவில்லை. எல்லோருக்கும் சமமாக ஒரு சுற்று, பிறகு எதிர்எதிராக அரைச் சுற்று, பிறகு கால் சுற்று. ரிம் பக்கத்தில் சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். எங்கே கோடு விழுகிறதோ அங்கே ரிம் வெளியே வருகிறது. அந்தப் பக்க ஸ்போக்கைத் தளர்த்தி எதிர்ப்பக்க ஸ்போக்கை இழுத்தேன். ஸ்பேனரால் தட்டினால் இறுகியது கணீரென்று பேசும், தளர்ந்தது மொத்தென்று சொல்லும். கடைசியில் சாக்பீஸ் ரிம் முழுக்க ஒரே சீராகக் கீறியது. நீட்டிக்கொண்டிருந்த ஸ்போக் முனைகளை அரம் போட்டுத் தேய்த்தேன். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி மேலே சுற்றினேன், இல்லையென்றால் முனை குத்தி டியூப் போய்விடும்.

இன்னும் ஒரு வேலை இருந்தது. உப்பு மறுபடி தின்னுமே, அதற்கு என்ன செய்வது? வள்ளத்துப் பலகைக்குப் பூசும் சுறா எண்ணெயை எடுத்து ஒவ்வொரு ஸ்போக் கழுத்திலும் துணியால் தேய்த்தேன். நாற்றம் குடலைப் பிடுங்கும். அன்றிலிருந்து தெருப் பூனைகள் எல்லாம் காருக்கு அடியில் வந்து படுத்துக்கொண்டன. படுக்கட்டும் என்று விட்டேன்.

அந்தச் சக்கரத்துக்கு நாலு நட்டு கிடையாது. நடுவில் காது வைத்த ஒரே பெரிய நட்டு, அந்தக் காதில் அடித்துத்தான் இறுக்கவேண்டும். இரும்புச் சுத்தி பட்டால் காது பிய்ந்துவிடும். கழற்ற மரக்கட்டை வைத்து அடித்தது போதும், இறுக்க ஈயச் சுத்தி வேண்டும், அது எங்களிடம் இல்லை. பாம்பனில் அம்மா வீட்டிலிருந்து, வலை அமிழக் கட்டும் ஈயக் குண்டுகளை வாங்கிவந்து உருக்கி, பால் டப்பாவில் ஊற்றிப் பிடி போட்டேன். அந்தச் சுத்தி பல வருஷம் உழைத்தது.

3. மதகு

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வருவதற்குள் மேனேஜர் வந்து நின்றார். மூக்கைக் கைக்குட்டையால் மூடியிருந்தார். முத்துவும் அந்தோணியும் இருந்தார்கள். வேடிக்கை பார்க்க பஸ் ஸ்டாண்டே வந்திருந்தது.

"எடுத்து ஓட்டிப் பாருடா," என்றார் முத்துவிடம்.

அவன் இரண்டடி பின்னால் போனான். "பொம்பள கோத்த சக்கரத்துல நான் ஏறமாட்டேன் அய்யா. கடக்கரையில பொம்பளைய வள்ளத்துலயே ஏத்தமாட்டாக."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஏலே முத்து, வள்ளத்துல ஏத்தமாட்டாக, சரி. அந்த வள்ளத்துல போற வலைய யாரு முடியுறா? எங்க அய்யாவும் அண்ணமாரும் நாங்க போட்ட முடிச்ச நம்பித்தான கடலுக்குப் போறாக? அந்த மீன வாங்கித் திங்கையில ஒனக்குப் பொம்பள கை தெரியலையோ?"

கூட்டம் சிரித்தது. முத்து சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நின்றான். மேனேஜர் சிரிக்கவில்லை. டயரைக் காலால் தட்டிப் பார்த்தார்.

"ஏம்மா, நடு ரோட்டுல இது கழண்டா என் உசுருக்கு யாரு பதில் சொல்றது?"

"நாந்தான். நானும் வாரேன்."

கதவைத் திறந்து இடது சீட்டில் உட்கார்ந்துவிட்டேன். நான் கோத்த சக்கரம் என் முதுகுக்கு நேர் பின்னால் இருந்தது. போனால் முதலில் நான்தான் போவேன். அவருக்கு அது புரிந்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தார்.

அந்தோணி ஓடிவந்து கதவைப் பிடித்தான். "மதினி, தாலியறுத்து ரெண்டு மாசம் ஆகலை. அடுத்த ஆம்பள பக்கத்துல, கூரையில்லாத கார்ல... ஊர் பாக்குது மதினி."

"பாக்கட்டும். பாக்கத்தான் உக்காந்திருக்கேன்."

பஜார் வழியாகவே போகச் சொன்னேன். எனக்குப் பயமில்லை என்று நினைக்காதீர்கள். முந்தானைக்குள் ஜெபமாலையை உருட்டிக்கொண்டே வந்தேன். ஊர் தாண்டி தேவிபட்டினம் ரோட்டில் ஏறியதும் என் காது முழுக்கப் பின் சக்கரத்தில்தான் இருந்தது. மதகு தூரத்தில் தெரிந்தபோது அவர் வேகத்தைக் குறைத்தார்.

"இங்கனதான ஒடிஞ்சது? அன்னைக்கு எம்புட்டு வேகத்துல வந்தீக?"

"நாப்பது மைல் இருக்கும்."

"அதே நாப்பதுல விடுங்க."

என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு அழுத்தினார். மதகில் ஏறி விழுந்தபோது என் பல் கடகடவென்று அடித்தது. ஸ்போக் ஒடியும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. காற்றுச் சத்தமும் இன்ஜின் சத்தமும்தான் கேட்டன.

நிறுத்தச் சொல்லி இறங்கி, ஒவ்வொரு ஸ்போக்காகத் தட்டினேன். ஒன்று மட்டும் மொத்தென்றது. இடுப்பில் செருகியிருந்த ஸ்பேனரை எடுத்து அரைச் சுற்று இழுத்தேன். மேனேஜர் முகம் மாறியது.

"என்னம்மா, தளருதே?"

"தளரத்தான் செய்யும். புதுசாக் கோத்தது ஒக்காரணும். ஒரு மாசம் ஓட்டிட்டு வாங்க, எல்லாத்தையும் இன்னொரு தரம் பாத்து இழுக்கணும். தளராதுன்னு எவனாச்சும் சொன்னா நம்பாதீக."

அவர் கைக்குட்டையை மடித்துப் பைக்குள் வைத்தார். "சரி, ஒரு மாசம் கழிச்சு வாரேன்," என்றார். கார் நன்றாக இருக்கிறது என்றோ, கெட்டிக்காரி என்றோ அவர் சொல்லவில்லை. வாரேன் என்றார். எனக்கு அது போதும். திரும்பி வரும் வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தேன், அதை யார் பார்த்தாலும் எனக்குக் கவலையில்லை.

4. கயிறு

சொன்னபடி அவர் வந்தார். அவருக்குப் பின்னால் ஜீப் வந்தது, பஸ் முதலாளிகள் வந்தார்கள். முத்துவும் வந்தான், சத்தமில்லாமல் அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டு. சைக்கிள் கடைக்காரருக்குப் போகவேண்டிய சாவி என் இடுப்பிலேயே இருந்தது.

இப்போது ஸ்பேனர் பிடிக்கும் பிள்ளைகள் என்னிடம் கேட்கிறார்கள், அந்தக் காலத்தில் ஒரு பெண் ஒர்க்‌ஷாப் நடத்த யார் விட்டார்கள் என்று. யாரும் விடவில்லை. நான் கேட்கவும் இல்லை. சக்கரம் கோக்கும்போது எல்லா ஸ்போக்கையும் சமமாக இழு, ஒன்றை மட்டும் நெருக்காதே, ஓட்டிப் பார்த்த பிறகு மறுபடி தட்டிப் பார். கோத்து முடித்ததும் நீயே அதில் ஏறி உட்கார். நான் கற்றுக்கொண்ட தொழில் இவ்வளவுதான்.

மாட்டு வண்டிக்காரர் விட்டுப்போன கயிற்றை வாசலுக்கு உள்ளே ஆணியடித்து மாட்டி வைத்திருந்தேன். கூலி பாக்கிக்கு ஒருவர் விட்டுப்போன பழைய ஜீப்பை ஓட்டவும் பழகியிருந்தேன். அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அந்தோணி வந்து வாசலில் நின்றான். முழங்கால் வரை சேறு. வாயில் வெற்றிலை இல்லை.

"மதினி... லாரி மாரியூர் ரோட்டுல ஆக்ஸில் ஒடிஞ்சு நிக்குது. முழு லோடு கருவாடு, மழையில நனையுது. கொஞ்சம் வந்து..."

நான் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

"ஜீப்ப எடுக்கேன், கட்டி இழுத்தாருவோம். அந்தா, ஆணியில கயிறு தொங்குது பாரு. எடுத்துக்கிட்டு ஏறு."