விளையாட்டாகப் போட்ட சைரன்

துபாயிலிருந்து திரும்பியதும் ஆசையாக வாங்கிப் புதுப்பித்த பழைய ஆம்புலன்ஸை, ஞாயிறன்று தஞ்சாவூர் வாகனக் கண்காட்சிக்கு ஓட்டிப்போனேன். வடுவூர் தாண்டியதும் புத்தி கெட்டு, யாராவது வழிவிடுகிறார்களா பார்க்கலாம் என்று சைரனைப் போட்டேன்.

வயலிலிருந்து ஓடிவந்த ஒரு பெண் வண்டியை மறித்தார். நாற்றுப் பறித்துக்கொண்டிருந்த அவர் கணவரைப் பாம்பு கடித்திருந்தது.

"இது கண்காட்சி வண்டிம்மா, உள்ள ஒண்ணுமில்ல. ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க."

"போட்டோங்க. உங்க சத்தம் கேட்டதும், வண்டி வந்துருச்சு, வேணாம்னு சொல்லிட்டோம்."

கணவரை ஏற்றிக்கொண்டேன். வேகம் நாற்பதைத் தாண்டாத வண்டி, ரேடியேட்டர் கொதிக்கக் கொதிக்க மருத்துவமனை போய்ச் சேர்ந்தது. பிழைத்துக்கொண்டார்.

இப்போது 'ஆம்புலன்ஸ்' என்ற எழுத்தின்மேல் சாக்கைக் கட்டிக்கொண்டுதான் சாலையில் இறங்குகிறேன். கண்காட்சியில் சைரன் போடச் சொல்பவர்களிடம், அது வேலை செய்யாது என்கிறேன். ஒயரை அறுத்தது நான்தான்.