தண்ணீர் குடிக்கச் சொன்னார் டாக்டர்

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஆளுக்கொரு தண்ணீர் பாட்டில் கொடுத்தார்கள். நீல நிறம். ஒரு லிட்டர் பிடிக்கும். மேலே 'நலமே பலம்' என்று அச்சடித்திருந்தது.

ஒரகடத்தில் கார்களுக்கு வயர் கட்டுகிற லைன் எங்களுடையது. முழுக்கப் பெண்கள். பாதிப் பேர் வடக்குப்பட்டு, பிள்ளைப்பாக்கம் ஊர்க்காரர்கள். மீதிப் பேர் ஹாஸ்டலில் தங்கியிருக்கும் தெற்கத்திப் பிள்ளைகள்.

பாட்டில் எதற்கு? கம்பெனி தானே விரும்பி நடத்துகிற சுகாதாரத் திட்டமாம். சட்டக் கட்டாயம் இல்லை. இப்படி முன்வருகிற கம்பெனிகளுக்கு அரசு கைகொடுக்கிறது — டாக்டரை அனுப்புகிறது, பயிற்சி தருகிறது, முடிவில் சான்றிதழும் உண்டு. நல்ல விஷயம்தான். நான் கிண்டல் செய்யவில்லை.

முகாமின் முதல் நாள் கேன்டீனில் அரசு டாக்டரம்மா மைக் பிடித்தார். "தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும்மா. அப்பதான் யூரின் இன்ஃபெக்ஷன் வராது."

பின்வரிசையில் களுக்கென்று ஒரு சிரிப்பு. இசக்கியம்மாள். தென்காசிப் பக்கத்துப் பெண். லைனில் எனக்கு அடுத்த இடம்.

"ஏம்மா சிரிக்கிறீங்க?"

இசக்கி தலையைக் குனிந்துகொண்டாள். நானும்தான். எழுதும்போது வருகிற பேச்சு எனக்கு நேரில் வராது. அதுவும் ஆண்கள் நிற்கிற இடத்தில், ஒன்றுக்குப் போவதைப் பற்றி... எப்படிப் பேச?

விஷயம் இதுதான். லைனை விட்டு நகர வேண்டுமென்றால் நம் இடத்தில் நிற்க ஒரு ரிலீவர் வர வேண்டும். இரண்டு லைனுக்கு ஒரே ரிலீவர். கையைத் தூக்கிவிட்டு அவள் வரும்வரை பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க வேண்டும். எதற்கு வம்பு? நாங்கள் தண்ணீரே குடிப்பதில்லை. செம்பரம்பாக்கத்தில் ஏரி நிறைந்தாலும் எங்கள் நாக்கு காய்ந்துதான் கிடக்கும்.

இசக்கிக்கு ஏற்கெனவே இரண்டு முறை இன்ஃபெக்ஷன். காய்ச்சல், ஊசி, லீவு. "இன்னொரு வாட்டி லீவு போட்டா கான்ட்ராக்ட் கட்டு" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அன்று அவளுக்கு மறுபடியும் எரிச்சல். "யக்கா, திரும்ப ஆரம்பிச்சிட்டு. வேலை போச்சுன்னா ஊருக்கு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போவேன்?" என்றாள். சொல்லிவிட்டு, பாட்டிலைப் பிடித்தபடி கம்பெனி எடுத்த போட்டோவுக்கும் நின்றாள்.

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தாலும் எனக்குக் கத்தத் தெரியாது. மறுநாள் ஷிஃப்ட் தொடங்கியதும் பாட்டிலைத் திறந்து மடமடவென்று குடித்தேன். முழுசாக.

"குடி" என்றேன் இசக்கியிடம்.

"யக்கா, வெளையாடாதீய."

"குடிடி. டாக்டர் சொல்லியிருக்காங்க."

எதிரே நின்ற வடக்குப்பட்டு மேகலா பார்த்துவிட்டாள். "இன்னாக்கா, பந்தயமா?" என்று அவளும் மூடியைத் திருகினாள். அப்புறம் அவளுக்கு அடுத்தவள்... லைன் கடைசிவரை போனது.

கொஞ்ச நேரத்தில் வரிசையாகக் கைகள் உயர்ந்தன. சூப்பர்வைசர் ஓடி வந்தார்.

"இன்னாம்மா இது? அத்தினி பேருக்குமா ஒரே டைம்ல வரும்?"

"தண்ணி குடிச்சா வரும்ணே. உனுக்கு வராதா?" என்றாள் மேகலா.

"யாரு குடிக்கச் சொன்னது?"

"நீதாண்ணே பாட்டிலு குடுத்தே!"

"டார்கெட் கீதும்மா! மேனேஜருக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

"போயிட்டு வந்து நாங்களே சொல்றோம்ணே."

போனோம். எல்லோரும். லைன் நின்றது.

திரும்பியபோது மேனேஜர் நின்றிருந்தார். பக்கத்தில், இரண்டாம் நாள் முகாமுக்கு வந்திருந்த டாக்டரம்மா.

"பாருங்க மேடம், உங்க கேம்ப்பால புரொடக்ஷன் போச்சு."

"நான் சொன்னதைத்தானே சார் செஞ்சிருக்காங்க?"

அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. "எனக்கு இது மூணாவது தடவை மேடம்" என்று இசக்கி முன்னால் வந்தாள். நானும் பேசினேன். ரிலீவர் கதையை முழுசாகச் சொல்லி முடித்தேன்.

டாக்டரம்மா மேனேஜரிடம் திரும்பினார். "உத்தரவு போட எனக்கு அதிகாரம் இல்ல சார். நீங்களா கூப்பிட்டீங்க, வந்தேன். ஆனா இந்தப் பொண்ணுக்கு மாத்திரை மட்டும் எழுதிக் குடுத்தா பத்தாது. ஆள் போடுங்க."

விருப்பம் என்பது கம்பெனிக்கு மட்டும்தான் உண்டா? அரசு கைகொடுக்கட்டும். சான்றிதழும் கொடுக்கட்டும். அதற்கு முன்னால் லைனில் நிற்கிறவளிடம் ஒரு வார்த்தை கேட்கட்டும். கேட்காவிட்டால் என்ன... நாங்களே சொல்லிக்கொள்கிறோம்.

இந்தத் திங்கட்கிழமை எங்கள் லைனுக்கென்று தனி ரிலீவர் வந்தாள். இசக்கி மாத்திரை சாப்பிட்டபடி வேலைக்கு வருகிறாள். கான்ட்ராக்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

புது ரிலீவர் பிள்ளைப்பாக்கத்துப் பெண். வந்ததும் என் காதருகே குனிந்தாள். "யக்கா, எனுக்கு வந்தா என் எடத்துல யாரு நிப்பாங்க?"

சூப்பர்வைசர் இரண்டு எட்டு தள்ளித்தான் நின்றிருந்தார்.

"அவருகிட்டயே கேளு" என்றேன். "சத்தமா கேளு!"